மலையக வீட்டுக்கு மண்டரின்: விதையா, ஒட்டா, சாடியா?

வீட்டில் ஒரு மண்டரின் (தோல் எளிதாக உரியும் தோடை, அதாவது ஆரஞ்சு, வகை) மரம் இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் இலங்கை மலையகத்தில் நிறையப் பேர். கேள்விதான் ஊருக்கு ஊர் மாறும். பதுளைக்காரர் “ஒட்டுக் கன்று கிடைக்கிறது, நம்பி வாங்கலாமா?” என்று கேட்பார். அட்டன் பக்கம் லயத்தில் (தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில்) இருப்பவர் “வாசலில் இடமில்லை, பீப்பாயில் வைத்தால் காய்க்குமா?” என்பார். நுவரெலியாவில் இருந்து கேட்பவர் “இங்கே வருமா வராதா, முதலில் அதைச் சொல்லுங்கள்” என்பார். கடையில் வாங்கிய பழத்தின் விதையை யோகட் கோப்பையில் போட்டு, அது முளைத்த பிறகு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்பவர்களும் உண்டு.

எல்லாருக்கும் ஒரே பதில் சொல்ல முடியாது. ஆனால் பலரும் கன்றில் இருந்து யோசிக்கத் தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால் இடத்தில் இருந்து தொடங்க வேண்டும்: எந்த மலை, எந்தப் பக்கத்து மழை, நிலம் யார் பெயரில் இருக்கிறது. இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் கன்று எது என்பது பெரும்பாலும் தானாகவே முடிவாகிவிடும்.

## கன்றுக்கு முன்னே பார்க்க வேண்டியவை

உயரமும் குளிரும். எலுமிச்சை, தோடை, மண்டரின் எல்லாம் ஒரே குடும்பம். வெப்பநிலை 13 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் இவற்றின் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுவிடும். 25 முதல் 30 பாகை வரை இருந்தால் துள்ளி வளரும். மலையில் 100 மீற்றர் ஏறினால் அரைப் பாகைக்குச் சற்று அதிகமாகக் குளிரும். கண்டி சுமார் 500 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, பதுளை 680. பண்டாரவளையும் அட்டனும் 1,200ஐத் தாண்டியவை. நுவரெலியா 1,868 மீற்றர். அங்கே வருடச் சராசரியே 16 பாகை அளவில்தான். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியற்காலைகளில் புல்லின் மேல் உறைபனியும் கிடக்கும்.

குளிர் முழுக்கக் கெட்டதும் அல்ல. மண்டரின் தோல் செம்மஞ்சளாக மாற இரவுக் குளிர் தேவை. அதனால்தான் கீழே, வெப்பமான ஊர்களில் பழம் உள்ளே நன்றாக இனித்தாலும் தோல் பச்சையாகவே இருக்கும். பண்டாரவளை உயரத்தில் நிறம் அழகாக வரும், ஆனால் பழுக்க அதிக நாள் எடுக்கும், புளிப்பும் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். இன்னும் மேலே போகப் போகப் புளிப்புத்தான் மிஞ்சும்.

மழை எந்தப் பக்கம். அட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி எல்லாம் மேற்குச் சரிவு. மே மாதக் கடைசியில் பிடிக்கும் தென்மேற்குப் பருவமழை செப்டெம்பர் வரை விடாது. அதே மாதங்களில் பதுளை, வெலிமடை, பண்டாரவளை இருக்கும் ஊவா பக்கம் காய்ந்த காற்று அடிக்கும். அங்கே பெருமழை ஒக்டோபரில் இருந்து ஜனவரி வரை. மண்டரின் சில வாரம் தண்ணீர் இல்லாமல் வாடி இருந்து, அப்புறம் மழை கண்டால் பூத்துக் கொட்டும். இந்த விஷயத்தில் ஊவா பக்கத்துக்கு இயற்கையே உதவி செய்கிறது. மேற்குச் சரிவில் மண் காய்கிற காலம் வருடத் தொடக்கத்தில் கொஞ்ச நாள்தான்.

நிலம் யாருடையது. இதைத்தான் யாரும் கேட்பதில்லை. லயத்து வாசலில் உள்ள துண்டு நிலத்தில் மூன்று தலைமுறையாக மரக்கறி போட்டிருக்கலாம், ஆனால் பத்திரம் தோட்டத்தின் பெயரில் இருக்கும். மரக்கறி மூன்று மாதத்தில் முடிந்துவிடும். மண்டரின் மரம் காய்க்கத் தொடங்கவே சில வருடம் எடுத்து, பிறகு இருபது முப்பது வருடம் நிற்கும். நாளை புது வீட்டுத் திட்டம் வந்து வேறு இடத்துக்குப் போக வேண்டியிருந்தால் மரத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. புது வீட்டுக்காரர்களுக்கு 7 பேர்ச்சஸ் கிடைத்திருக்கிறது என்றால் அது சுமார் 1,900 சதுர அடி. வீடு, வழி, மலசலகூடக் குழி எல்லாம் போக, 12 முதல் 15 அடி விரியும் ஒரு மரத்துக்கு இடம் உண்டு. இரண்டுக்கு யோசிக்க வேண்டும்.

மண். தேயிலை புளித்த மண்ணில் வாழும் பயிர். அதன் மண்ணின் பி.எச். அளவு 4.5 முதல் 5.5 வரை இருந்தால் அதற்குச் சுகம். மண்டரினுக்கு 5.5 முதல் 6.5 வரை வேண்டும். முன்பு தேயிலை இருந்த இடம் என்றால் மண்ணைத் திருத்தாமல் எந்தக் கன்றை வைத்தாலும் அது மஞ்சளடித்து நிற்கும்.

மற்றது காத்திருக்கும் பொறுமையும் கைச்செலவும். அதை ஒவ்வொரு வழியிலும் சேர்த்தே பார்ப்போம். அவசரக்காரர்களுக்கு முதலில் ஓர் அட்டவணை.

| பார்க்க வேண்டியது | விதைக் கன்று, நிலத்தில் | ஒட்டுக் கன்று, நிலத்தில் | ஒட்டுக் கன்று, சாடியில் |
|---|---|---|---|
| முதல் காய் | 6 முதல் 8 வருடம், குளிரில் இன்னும் கூடும் | 3 முதல் 4 வருடம் | 2 முதல் 3 வருடம் |
| தொடக்கச் செலவு | இல்லை | கன்று, குழி, டொலமைட் (சுண்ணாம்புக் கல் தூள்), எரு | கன்று, பெரிய சாடி, மண் கலவை |
| பிறகு வரும் செலவு | இடம், காலம் | பசளை, வேலி, வலை | அடிக்கடி பசளை, மண் மாற்றம், தினமும் கவனிப்பு |
| விளைச்சல் | தாமதமாக, ஆனால் நிறைய | நிறைய | கொஞ்சம் |
| வேர் அழுகல் ஆபத்து | அதிகம் | வேர்க் கன்றை (ஒட்டுக்குக் கீழே வேரோடு இருக்கும் கன்றை) பொறுத்தது | வடிகால் சரி என்றால் குறைவு |
| வீடு மாறினால் | விட்டுப் போக வேண்டும் | விட்டுப் போக வேண்டும் | கூடவே வரும் |

## விதைக் கன்று: காசில்லை, ஆனால் காலம் போகும்

“விதை போட்டால் தாய் மரத்தைப் போல வராது, புளிச்சுப் போகும்” என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். மண்டரினைப் பொறுத்தவரை அது பாதி உண்மை. பல மண்டரின் இனங்களின் ஒரே விதையில் இருந்து இரண்டு மூன்று முளைகள் வரும். கோப்பையை உற்றுப் பார்த்தால் ஒரு விதைக்குள் இருந்து ஒன்றோடு ஒன்று நெருக்கிக்கொண்டு அவை எட்டிப் பார்ப்பது தெரியும். அவற்றில் பெரும்பாலானவை மகரந்தச் சேர்க்கையால் வந்தவை அல்ல; தாய் மரத்தின் திசுவில் இருந்தே உருவானவை. அதனால் தாயின் குணம் அப்படியே வரும். கூட்டத்தில் மெலிந்து, வேறு மாதிரி இலையோடு தெரிவதைக் கிள்ளிவிட்டு, வலுவாக ஒரே மாதிரி இருப்பதை வைத்துக்கொள்வது வழக்கம்.

விதிவிலக்கும் உண்டு. கிளமன்டைன் என்று விற்கப்படும் சிறு பழத்தின் விதையில் ஒரே ஒரு முளைதான், அதுவும் கலப்பு. அதில் இருந்து என்ன பழம் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆக, விதை எந்தப் பழத்தினுடையது என்று தெரியாவிட்டால் அது லொத்தர் வாங்குவதுதான்.

விதைக் கன்றின் பெரிய நன்மை வேறொன்று. இந்தக் குடும்பத்தைப் பிடிக்கும் பெரிய நோய்கள் விதை வழியாகப் பரவுவதில்லை. ஆகவே விதைக் கன்று சுத்தமாகவே வாழ்க்கையைத் தொடங்குகிறது. ஆணிவேரும் ஆழமாகப் போகும். சரிவு நிலத்தில், காற்றடிக்கிற முனையில் அது சாய்வது குறைவு.

மறைந்திருக்கும் செலவு காலம். ஆறு வருடம், எட்டு வருடம், குளிரான இடத்தில் பத்து வருடம்கூட முள்ளும் இலையுமாக நிமிர்ந்து வளர்ந்துகொண்டே இருக்கும். அத்தனை காலமும் அந்த இடத்தில் வேறெதையும் போட முடியாது. மழை அதிகமான பக்கத்தில் இன்னொரு சிக்கல்: மண்டரின் அதன் சொந்த வேரில் நிற்கும்போது அடித்தண்டு அழுகல் எளிதாகப் பிடிக்கலாம். தண்டின் அடியில் பட்டை வெடித்துத் தேன் நிறத்தில் பிசின் வடிந்தால் அதுதான் அடையாளம்.

சொந்த நிலம், நிறைய இடம், நல்ல வடிகால், ஏற்கெனவே வேறு பழமரங்கள் இருக்கின்றன, இது கூடுதலாக ஒன்று என்பவருக்கு விதைக் கன்று சரி. ஒட்டுக் கட்டத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் அதையே வேர்க் கன்றாக வைத்து, நல்ல மரத்தில் இருந்து மொட்டு எடுத்து ஒட்டிக்கொள்ளலாம். அப்படிச் செய்தால் பாதிக் காத்திருப்பு மிச்சம். ஒன்று மட்டும்: விதை காய்ந்தால் முளைக்காது. பழம் தின்ற அன்றோ மறுநாளோ கழுவிப் போட்டுவிட வேண்டும்.

## ஒட்டுக் கன்று, நிலத்தில்: பெரும்பாலானவர்களுக்கு இதுதான்

காய்த்த மரத்தில் இருந்து எடுத்த மொட்டை வேறொரு கன்றின் தண்டில் ஒட்டியிருப்பார்கள். மேலே இருப்பது வயதுக்கு வந்த மரத்தின் பகுதி என்பதால் சீக்கிரம் பூக்கும். கீழே இருப்பது அந்த மண்ணைத் தாங்கக்கூடிய வேர். இரண்டும் சேர்ந்த நன்மைக்காகத்தான் காசு கொடுக்கிறோம். அப்படியானால் காசு கொடுக்கும் முன் அந்த ஒட்டை நன்றாகப் பார்க்க வேண்டாமா?

### வாங்கும்போது

தண்டின் அடியில் இருந்து கண்ணால் மேலே வந்தால் ஓர் இடத்தில் சிறு வளைவும், பட்டையின் நிற மாற்றமும் தெரியும். அதுதான் ஒட்டு. பையில் உள்ள மண்ணில் இருந்து அது ஒரு சாண் உயரத்திலாவது இருக்க வேண்டும். மண்ணோடு ஒட்டினாற்போல் இருந்தால் வேண்டாம். அதற்குக் கீழே துளிர் விட்டிருந்தால் அதையும் கவனியுங்கள். அது வேர்க் கன்றின் துளிர், மண்டரின் அல்ல. “ஒட்டுக் கன்று என்று வாங்கினேன், காட்டு எலுமிச்சைதான் காய்க்கிறது” என்று அலுத்துக்கொள்பவர்களில் பலருக்கு நடந்தது இதுதான். கீழே இருந்து வந்த முரட்டுத் துளிர் மேலே இருந்ததை மூடிவிட்டது, வீட்டில் யாரும் கவனிக்கவில்லை.

பையின் அடியில் வேர் சுருண்டு சுற்றிக்கொண்டிருந்தால் அது பழைய கன்று. பெரியதாக இருக்கிறதே என்று ஆசைப்பட வேண்டாம். இலையில் ஒழுங்கில்லாத மஞ்சள் திட்டு இருந்தால் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ஏன் என்று கீழே சொல்கிறேன். விவசாயத் திணைக்களத்தின் கன்று விற்பனை இடங்களில் இனம் என்ன என்றாவது கேட்டு வாங்கலாம். கண்டிப் பக்கம் இருப்பவர்களுக்குக் கன்னொருவை வசதி. லொறியில் கொண்டுவந்து விற்பவரிடம் அந்தக் கேள்விக்கு “நல்ல இனம்” என்ற பதில்தான் கிடைக்கும்.

### குழியும் மண்ணும்

இரண்டடி நீளம், அகலம், ஆழத்தில் குழி. மேல்மண்ணோடு மக்கிய மாட்டெரு அல்லது கூட்டெரு கலந்து, தேயிலை மண்ணாக இருந்தால் டொலமைட்டும் போட்டு, சில வாரம் ஆறவிட்ட பிறகு நட வேண்டும். டொலமைட் மண்ணின் புளிப்பைக் குறைப்பதோடு மக்னீசியமும் கொடுக்கும். மண்டரினில் முதிர்ந்த இலைகள் மஞ்சளாகி, காம்புப் பக்கம் மட்டும் முக்கோணமாகப் பச்சை மிஞ்சினால் அது மக்னீசியம் இல்லாத குறை. மழை அதிகமான மலைகளில் இது அடிக்கடி வரும்.

நட்ட பிறகு ஒட்டு மண்ணுக்கு மேலே தெளிவாகத் தெரிய வேண்டும். மேற்குச் சரிவில் குழியை மட்டமாக நிரப்பாமல், கொஞ்சம் மேடாக்கி அதன்மேல் நடுங்கள். மேற்பக்கத்தில் ஒரு சிறு கான் வெட்டி மழைத் தண்ணீரை ஒதுக்கிவிடுங்கள். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குக் கான் வெட்டுவதைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் வீட்டுக்குப் பின்னால் வெட்டி எடுத்த மண்மேட்டின் அடிவாரத்தில் மட்டும் குழி தோண்டாதீர்கள். மண்சரிவு எச்சரிக்கை அடிக்கடி வருகிற பகுதிகளில் ஒரு மரத்துக்காக அந்த மேட்டின் அடியைப் பறிப்பது எந்த வகையிலும் நியாயமில்லை.

### தேயிலைப் பழக்கத்தை விட வேண்டிய இடங்கள்

மலையகத்தில் மண்டரின் கெடுவதற்கு அறியாமையை விட, நன்றாகத் தெரிந்த தேயிலை வேலையை இங்கேயும் செய்வதே காரணமாக இருப்பதைப் பார்க்கிறேன்.

முதலாவது கவ்வாத்து. தேயிலையை இடுப்பளவுக்கு வெட்டினால் கொழுந்து பொங்கி வரும். மண்டரினை அப்படி வெட்டினால் ஒரு வருடத்துக்கு மேல் இலை மட்டும்தான் வரும். காய் பிடிப்பது வெளிப்பக்கத்து இளங்கிளைகளில். ஒட்டுக்குக் கீழே வரும் துளிர், காய்ந்த குச்சி, ஒன்றை ஒன்று உரசும் கிளை, இவற்றை மட்டும் எடுத்தால் போதும்.

இரண்டாவது உரம். தேயிலைக்குப் போடுவதில் மிஞ்சியது வீட்டில் இருக்கும், அதில் ஒரு பிடி மரத்தடியில் போவதும் உண்டு. தேயிலைக் கலவையில் நைதரசன் தூக்கல், ஏனென்றால் அங்கே அறுவடையே இலைதான். மண்டரினுக்கு அது போனால் கரும்பச்சை இலை தழைக்கும், இலை துளைக்கும் பூச்சி வந்து குடியேறும், காய் குறையும். அந்தக் கலவைகள் காலப்போக்கில் மண்ணை இன்னும் புளிக்க வைக்கவும் செய்யும். 2021இல் இரசாயன உர இறக்குமதியைத் தடுத்து, அப்புறம் விலை எகிறிய காலத்தில் பலர் வேறு வழியில்லாமல் மாட்டெருவுக்குத் திரும்பினார்கள். மண்டரின் மரங்களுக்கு அது கெட்டதாகப் போகவில்லை.

மூன்றாவது, மரத்தடியை முள்ளால் (மண் கிளறும் கவைக் கருவியால்) குத்திக் கிளறுவது. மண்டரினின் உணவு வேர்கள் மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கும். கிளறுவதற்குப் பதில் காய்ந்த புல்லோ இலையோ மூடாக்காகப் போடலாம், தண்டைத் தொடாமல் ஒரு சாண் தள்ளி.

### பிறகு வரும் செலவுகள்

குரங்குத் தொல்லை உள்ள இடமா என்று முன்கூட்டியே யோசியுங்கள். காட்டோரம், ஆற்றோரம், தோட்டத்துக் கடைசி லயம் என்றால் நிச்சயம் வரும். பழம் நிறம் மாறுவதற்குள் ஒரு கூட்டம் வந்து பாதியைக் கடித்துப் போட்டுவிட்டுப் போகும். முழு மரத்துக்கும் வலை போடுவது மலிவான காரியம் அல்ல. சிறிய மரத்துக்கு முடியும், பெரிய மரத்துக்குக் கை எட்டாது. இதனால்தான் மரத்தை உயர விடாமல், அகலமாக வளர்ப்பது நல்லது என்பேன். இரவில் பழத்தைத் துளைத்துச் சாறு குடிக்கும் அந்துப்பூச்சியும் உண்டு. வீட்டுக்குப் போதுமான அளவு பழங்களைக் கடதாசிப் பையால் மூடினால் அதில் இருந்து தப்பலாம்.

இன்னொன்று, மண்டரின் ஒரு வருடம் கிளை முறியக் காய்க்கும், அடுத்த வருடம் ஓய்வெடுக்கும். காய் கோலிக்குண்டு அளவில் இருக்கும்போது நெருக்கமாக உள்ளதில் ஒரு பகுதியைக் கிள்ளிவிட்டால் இந்த ஏற்ற இறக்கம் குறையும். காயைக் கிள்ள யாருக்கும் மனம் வராது, வீட்டுப் பெரியவர்கள் திட்டவும் செய்வார்கள். ஆனாலும் செய்ய வேண்டிய வேலை அது. பழத்தைப் பறிக்கும்போது இழுக்காமல் காம்போடு வெட்டுங்கள். மண்டரின் பறித்த பிறகு பழுக்காது, ஆகவே கண்டிப் பக்கத்தில் இருப்பவர்கள் நிறத்தைப் பார்க்காமல் ஒன்றை உரித்துத் தின்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

## ஒட்டுக் கன்று, சாடியில்: லயத்துக்கும் குளிருக்கும்

நிலம் உங்கள் பெயரில் இல்லை, அல்லது நீங்கள் இருக்கும் இடம் மிகவும் குளிர். இந்த இரண்டில் ஒன்று பொருந்தினால் சாடியைப் பற்றி யோசிக்கலாம். இரண்டும் பொருந்தாமல், சும்மா அழகுக்கு என்றால் வேண்டாம். சாடியில் வளரும் மண்டரின் தினமும் ஆள் கேட்கும்.

அலுவலக மேசை அளவில் வைக்கும் பூச்சாடி இதற்கு ஆகாது. 40 லீற்றருக்குக் குறையாமல் வேண்டும். நீல நிறப் பிளாஸ்டிக் பீப்பாயைக் குறுக்கே இரண்டாக அறுத்தால் இரண்டு நல்ல சாடி கிடைக்கும். முன்பு அதில் என்ன மருந்து இருந்தது என்று கேட்டு, நன்றாகக் கழுவிய பிறகு பயன்படுத்துங்கள். அடியில் மட்டுமல்ல, அடியோடு ஒட்டிய பக்கவாட்டிலும் துளை போட்டு, மூன்று செங்கல்லின் மேல் தூக்கி வையுங்கள். வெறும் தேயிலை மண்ணை அள்ளிப் போட்டால் இறுகிவிடும். மண், மக்கிய எரு, கொஞ்சம் மணல் அல்லது தும்புத் தூள் கலந்தது நல்லது.

மேற்குச் சரிவில் சாடியின் எதிரி மழை. தலவாக்கலையில் ஜூன், ஜூலை மாதங்களில் சாடியின் அடியில் பழுப்பு நிறத்தில் வடிகிற தண்ணீரோடு நீங்கள் போட்ட பசளையும் போய்க்கொண்டிருக்கிறது. ஆகவே ஒரே தடவையில் நிறையப் போடாமல், கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி போட வேண்டும். பெப்ரவரி, மார்ச்சில் நிலைமை தலைகீழ்: காலையில் ஊற்றிய தண்ணீர் மாலைக்குள் காய்ந்துவிடும். பீலியில் (மலைத் தண்ணீர் வரும் குழாயில்) தண்ணீர் குறைகிற மாதங்களும் அவைதான் என்பதை மறக்க வேண்டாம். பாத்திரம் கழுவிய தண்ணீரை ஊற்றலாமா என்று கேட்பார்கள். சவர்க்காரம் கலக்காத, அரிசி கழுவிய தண்ணீர் என்றால் சரி.

சாடியின் பெரிய பலம் நகர்த்த முடிவதுதான். மண்டரினுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் வேண்டும். பனிமூட்டம் பத்து மணிக்குத்தான் விலகுகிற இடங்களில், மதியத்துக்குப் பிறகு வெயில் விழும் மூலை எது என்று பார்த்து அங்கே வைக்கலாம். நுவரெலியாவில் உறைபனி விழும் இரவுகளில் இஸ்தோப்புக்குள் (முன் திண்ணைக்குள்) இழுத்து வைத்தால் கன்று பிழைக்கும். மரக்கறிக்குப் பொலித்தீன் கூடாரம் போட்டிருப்பவர்கள் அதற்குள் ஓரமாக வைத்தால் இன்னும் நல்லது, காற்றோட்டம் மட்டும் இருக்க வேண்டும். அப்படி எல்லாம் செய்தாலும் அங்கே கிடைப்பது புளிப்பு கலந்த சில டசின் பழங்கள்தான். இனிப்பான பழம் நிறைய வேண்டும் என்றால் அந்த உயரத்துக்கு மண்டரின் சரியான தெரிவே அல்ல. மரத்தக்காளி, பேரி, பிளம்ஸ் எல்லாம் அங்கே கெஞ்சாமல் வளரும்.

மறைந்த செலவு இரண்டு. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மரத்தை வெளியே எடுத்து, சுருண்ட வேரை நறுக்கி, மண்ணை மாற்ற வேண்டும். ஈர மண்ணோடு அது இரண்டு ஆள் தூக்கும் பாரம். இரண்டாவது, ஒரு வாரம் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போக முடியாது. தண்ணீர் ஊற்ற ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும்.

பதியன் கன்றைப் பற்றியும் சிலர் கேட்பார்கள். கிளையில் பட்டையை உரித்து மண் கட்டி வேர் வரவைப்பது. எலுமிச்சைக்கு நன்றாகப் போகும். மண்டரினிலும் சீக்கிரம் காய்க்கும், ஆனால் ஆணிவேர் இல்லை, அழுகலைத் தாங்கும் வேர்க் கன்றும் இல்லை, தாய் மரத்தில் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும். சரிவு நிலத்தில் பெருங்காற்றுக்குப் பிடுங்கிக்கொள்ளும். சாடிக்கு மட்டும் பரவாயில்லை.

## எந்த வழியில் போனாலும் பார்க்க வேண்டிய நோய்

இந்தக் குடும்பத்து மரங்களுக்கு உலகெங்கும் எமனாக இருப்பது இலை மஞ்சளடித்துக் காய் சிறுத்துப்போகும் பசுமையாதல் நோய். பிடித்த மரத்தைக் குணமாக்க மருந்து இல்லை. அடையாளம் காண ஒரு வழி உண்டு. மஞ்சள் விழுந்த இலையை நடு நரம்பில் மடித்துப் பாருங்கள். இரண்டு பாதியிலும் மஞ்சள் ஒரே மாதிரி விழுந்திருந்தால் அது பெரும்பாலும் சத்துக் குறை, நாகமோ (துத்தநாகம்) மக்னீசியமோ. ஒரு பாதியில் திட்டு ஓரிடத்திலும் மறு பாதியில் வேறிடத்திலும் இருந்தால் சந்தேகப்பட வேண்டும். காய் கோணலாக, காம்புப் பக்கம் நிறம் மாறியும் அடிப்பக்கம் பச்சையாகவும் நின்றால் சந்தேகம் இன்னும் கூடும். அப்போது கமநல சேவை நிலையத்தில் காட்டுங்கள், அல்லது விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்தில் கேளுங்கள்.

இதைப் பரப்புவது ஒரு சிறு பூச்சி. இளந்துளிரில் தலையைக் கீழே வைத்து வாலைச் சரிவாகத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதன் குஞ்சுகள் இருக்கும் இடத்தில் மெழுகு போன்ற வெள்ளை நூல் சுருள்கள் தெரியும். இந்தப் பூச்சிக்குப் பிடித்த இன்னொரு செடி கறிவேப்பிலை. நம் வீடுகளில் குசினிப் பக்கம் கறிவேப்பிலை இல்லாமல் இருக்காது. அதை வெட்டச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள், நானும் சொல்லவில்லை. மண்டரினை வீட்டின் மறுபக்கத்தில் வையுங்கள், கறிவேப்பிலையில் புதுத் துளிர் வரும்போதெல்லாம் ஒரு கண் வையுங்கள்.

இளங்கன்றில் இலையைத் தின்னும் புழுவுக்கு மருந்து தேவையில்லை. சிறியதாக இருக்கும்போது குருவி எச்சம் போலவே கிடக்கும், வளர்ந்ததும் பச்சையாகும். விரலால் தொட்டால் தலைக்குப் பின்னால் இருந்து செம்மஞ்சளாக இரண்டு கொம்பு நீட்டி நாற்றம் விடும். பிள்ளைகளைப் பிடித்துப் போடச் சொன்னால் ஒரே நாளில் வேலை முடியும்.

## எந்த வீட்டுக்கு எது

பதுளை, பசறை, வெலிமடை, பண்டாரவளைப் பக்கம், சொந்த நிலம்: ஒட்டுக் கன்று, நிலத்தில். ஜூன் முதல் செப்டெம்பர் வரை அடிக்கும் காற்றுக்கு மறைவான பக்கம் பார்த்து வையுங்கள். விதைக் கன்று ஒன்றைக் கூடுதலாக வைக்க ஆசை என்றால் வையுங்கள், அதை நம்பி இருக்காதீர்கள்.

கண்டி, மாத்தளை, நாவலப்பிட்டி: அதேதான். ஆனால் நாவலப்பிட்டி போல மழை கொட்டும் இடங்களில் வடிகால் சரியில்லாவிட்டால் நிலத்தில் வைக்க வேண்டாம். நிறம் வராது என்பதை ஏற்றுக்கொள்ளுங்கள்.

அட்டன், தலவாக்கலை, சொந்த 7 பேர்ச்சஸ்: இங்குதான் முடிவெடுப்பது கஷ்டம். வெயில் நன்றாக விழும், தண்ணீர் தேங்காத மேட்டு இடம் இருந்தால் நிலத்தில் ஓர் ஒட்டுக் கன்று வைத்துப் பார்க்கலாம், பழுக்க நாளெடுக்கும் என்று தெரிந்துகொண்டே. வீட்டின் நிழலோ மேட்டின் நிழலோ பாதி நாள் விழுகிறது என்றால் சாடி.

லயத்து வாசல், எந்த ஊராக இருந்தாலும்: சாடி. அயலவரோடு வாசலைப் பகிர்ந்துகொள்பவர்கள் அவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வையுங்கள். பழம் காய்க்கிற காலத்தில் வரும் சண்டை மரத்தைவிடப் பெரியது.

நுவரெலியா, கந்தப்பளை: ஆசைக்கு ஒரு சாடி. வீட்டுக்குப் பழம் வேண்டும் என்றால் வேறு மரம்.

## எப்போது நடுவது

ஊவா பக்கத்தில் ஒக்டோபர் மழை மண்ணை நனைத்த பிறகு நடுங்கள். அடுத்த காய்ந்த காலம் வருவதற்குள் வேர் பிடித்துவிடும். மேற்குச் சரிவில் பருவமழையின் நடுவில் நட்டால் குழி கிணறாகிவிடும். ஏப்ரல் மாத மாலை மழையைப் பிடித்து நடுங்கள், அதைத் தவறவிட்டால் பெருமழை விட்ட பிறகு ஒக்டோபரில். குழியை மட்டும் முன்பே வெட்டி, டொலமைட் கலந்து தயாராக வைத்துக்கொண்டு, கன்றைக் கடைசியாக வாங்குங்கள். பையில் மாதக்கணக்கில் வாசலில் கிடக்கும் கன்று வேர் சுருண்டு, நடுவதற்கு முன்பே கிழடாகிவிடும்.